எப்போது பேசுவது, எப்போது சும்மா இருப்பது: தகடூர்ப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் 30 ஆண்டுகளுக்கு மேல் தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். அக்கம்பக்கத்தில் சண்டை, சமாதானம் என்றால் கூப்பிடுவார்கள், போய் உட்காருவேன். அங்கேயும் சரி, பழைய மாணவர்கள் வீட்டுக்கு வரும்போதும் சரி, ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் வருகின்றன. எதைச் சொல்லலாம், எதை விழுங்கிக்கொள்ளலாம், எதை விழுங்கவே கூடாது? அடிக்கடி கேட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

நாவடக்கம் என்று பேச்சு எடுத்தாலே ஏன் ஔவையாரையும் அதியமானையும் சொல்கிறீர்கள்?

நம் ஊர்க்காரர்கள் என்பதால்தான். இன்றைய தருமபுரிதான் சங்ககாலத்துத் தகடூர், அதியமான் நெடுமான் அஞ்சி என்ற அரசனின் ஊர். அவன் வெறும் கதை என்று நினைக்கும் பிள்ளைகளிடம் ஜம்பைக் கல்வெட்டைப் பற்றிச் சொல்வேன். திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் 1981-ல் ஒரு குகையில் கண்டுபிடித்தார்கள். 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி' என்று தமிழ் பிராமியில் வெட்டியிருக்கிறது. பாளி என்றால் துறவிகள் தங்கும் படுக்கை. கொடுத்தவன் யார், கொடுத்தது என்ன, அவ்வளவுதான். ஆறே சொல்.

அசோகரின் 2-ம் பாறைக் கட்டளையில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சதியபுத்திரரும் வருகிறார்கள். அந்தப் பெயர்தான் இந்தக் குகையிலும் இருக்கிறது. அதே அசோகர் தம் 12-ம் கட்டளையில் வாக்கைக் காத்துக்கொள்வது பற்றிப் பேசுகிறார். தன் சமயத்தைத் தகாத இடத்தில் உயர்த்திப் பேசாதே, பிறர் சமயத்தைக் காரணமில்லாமல் தாழ்த்தாதே என்கிறார். நாம் இன்று கேட்கும் கேள்விகளுக்கு அவ்வளவு வயசு.

ஔவையார் அதியமானோடு இருந்தபோது பாடியவற்றில் பேச்சு, மௌனம், கோபம் மூன்றுக்கும் பாட்டு இருக்கிறது. அதனால் எனக்கு வேறெங்கும் போகத் தேவையில்லை.

தொண்டைமானிடம் ஔவையார் பேசியதில் அப்படி என்ன இருக்கிறது?

அதியமானுக்கும் தொண்டை நாட்டு அரசன் தொண்டைமானுக்கும் பகை. அதியமானின் தூதாக ஔவையார் போகிறார். தொண்டைமான் தன் ஆயுதக் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். 'என்னிடம் எவ்வளவு இருக்கிறது பார்' என்பதுதான் அதன் பொருள். தூது போனவருக்கு இது இக்கட்டான இடம். 'இதெல்லாம் ஒரு பெரிசா' என்றால் பகை முற்றும். 'எங்களிடம் இவ்வளவு இல்லையே' என்றால் அனுப்பியவனைக் கைவிட்டதாகும். பேசாமல் நின்றால், மிரண்டுபோனதாக அவன் எடுத்துக்கொள்வான்.

அப்போது பாடியதுதான் புறநானூற்றின் 95-ம் பாட்டு. இங்கே இருப்பவை மயில்பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன. அங்கே எங்கள் அரசனின் வேல்களோ, பகைவரைக் குத்தி முனை முறிந்து, கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. உண்டானால் எல்லோருக்கும் சோறு கொடுத்து, இல்லாவிட்டால் இருப்பதை அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து உண்பவன் அவன்.

ஒரு வசைச்சொல் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், கிடைக்காது. பொய்யும் கிடைக்காது. கண்ணில் பட்ட விவரத்தை வரிசையாகச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார். முடிவுக்கு வருவது கேட்டவன் வேலை. கடினமான உண்மையைச் சொல்ல வேண்டியவர்களுக்கு நானும் இதைத்தான் சொல்கிறேன்: நடந்ததைச் சொல்லுங்கள், அதற்குப் பெயர் வைக்காதீர்கள். தம்பியிடம் 'நீ பொறுப்பில்லாதவன்' என்றால் அது பெயர் வைப்பது. 'இந்த மாசம் மூணு தடவை அம்மாவுக்கு மாத்திரை வாங்க மறந்துட்டே' என்றால் அது விவரம். முன்னதற்குச் சண்டைதான் பதிலாக வரும். பின்னதை அவன் மறுக்க முடியாது, யோசித்துத்தான் ஆகவேண்டும்.

இன்னொன்றும் எனக்குப் படுகிறது. ஆயுதத்தில் தொடங்கும் பாட்டு சோற்றுக்கு வந்துவிடுகிறது. கூட உட்கார்ந்து சாப்பிட்டவனுக்காக ஊரே வந்து நிற்கும் என்பதுதான் அதற்குள் இருக்கும் உண்மையான எச்சரிக்கை என்று நினைக்கிறேன். அதையும் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

நெல்லிக்கனியின் பயனைச் சொல்லாமல் அதியமான் கொடுத்தானே, உண்மையை மறைப்பது தவறில்லையா?

பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி இதைக் கேட்டு என்னை ஒரு வாரம் யோசிக்க வைத்தாள்.

91-ம் பாட்டில் 'ஆதல் நின்னகத்து அடக்கி' என்று ஔவையார் பாடுகிறார். பெரிய மலைப் பிளவில், ஏறுவதற்கு அரிய உச்சியில் பறித்த கனி. உண்டால் சாவு நீங்கும். அந்தப் பயனை மனசுக்குள் அடக்கிக்கொண்டு எனக்குக் கொடுத்துவிட்டாயே என்கிறார். முன்பே சொல்லியிருந்தால் அவர் வாங்கியிருப்பாரா? 'நீ நாடாள வேண்டியவன், நீ சாப்பிடு' என்றுதான் சொல்லியிருப்பார்.

மறைத்ததால் நட்டம் யாருக்கு என்று பார்த்தால் விடை வந்துவிடுகிறது. அவன் மறைத்தது தன் நட்டத்தை. அவருக்குச் சேரவேண்டிய எதையும் மறைக்கவில்லை. இந்த அளவுகோலை நான் எல்லா இடத்திலும் வைத்துப் பார்க்கிறேன். அப்பாவுக்கு வந்திருக்கும் நோயை அப்பாவிடமே மறைக்கலாமா என்று கேட்கிறார்கள். அங்கே நட்டம் அப்பாவுக்கு. யாரைப் பார்க்க வேண்டும், எதை எழுதி வைக்க வேண்டும், கடைசியாக எந்தக் கோயிலுக்குப் போகவேண்டும் என்பதெல்லாம் அவர் முடிவு செய்யவேண்டியவை. எப்படிச் சொல்வது, எந்த நேரத்தில் சொல்வது என்பதில் பக்குவம் வேண்டும். சொல்லாமலே விடுவதை நெல்லிக்கனியோடு சேர்க்க முடியாது.

'மௌனம் கலக நாசம்' என்கிறார்கள், 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்றும் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டுமே சரி. ஆனால் இரண்டுக்கும் இடம் வேறு.

'யாகாவா ராயினும் நாகாக்க' என்ற குறளையும் பலர் 'வாயைத் திறக்காதே' என்று படிக்கிறார்கள். வள்ளுவர் சொன்னது 'காக்க'. பென்னாகரம் பக்கமோ தேன்கனிக்கோட்டை பக்கமோ காட்டை ஒட்டிக் கேழ்வரகு போட்டவர்களைக் கேளுங்கள். பரண் கட்டி ராத்திரி முழுக்கக் காவல் இருப்பார்கள். பன்றி வருகிறதா, யானை வருகிறதா, பக்கத்துக் காட்டுக்காரர் டார்ச் அடித்துக்கொண்டு வருகிறாரா என்று பார்ப்பதுதான் காவல். பயிரை வெட்டி வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்று யாரும் காவல் இருப்பதில்லை. நாவைக் காப்பதும் அப்படித்தான்: பார்த்துப் பேசத்தான் காவல், பேசாமலே இருக்க அல்ல.

விலை பேசும் இடத்தில் சும்மா இருந்தால் ஏமாந்துவிட மாட்டோமா?

மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். சின்ன வயசில் அதை ஏதோ களவு என்று நினைத்தேன். அப்பாதான் விளக்கினார். விற்பவருக்கு என்ன கஷ்டமோ, குறைந்த விலைக்குக் கொடுக்க வந்திருப்பார். அந்த விலை சந்தை முழுக்கக் கேட்டால் அவருக்கும் தலைகுனிவு, அடுத்து வருபவரும் அதையே பிடித்துக்கொள்வார். அதனால் விரலோடு போகட்டும் என்று வைத்திருக்கிறார்கள் என்றார். வாய்தான் மூடியிருக்கிறது, பேரம் நன்றாகவே நடக்கிறது. உங்களுக்கு வேண்டிய விலையை உரியவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வேடிக்கை பார்ப்பவர்களுக்குக் கேட்க வேண்டியதில்லை.

கோபத்தில் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன். எப்படிச் சரி செய்வது?

இதற்கு என்னிடம் இருப்பது ஒரு தோல்விதான்.

சித்தேரி மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படித்த பையன் ஒருவன். மூன்றாவது நாளாக வீட்டுப்பாடம் எழுதவில்லை. அன்று எனக்கு வீட்டில் வேறு கவலை இருந்தது, அதை ஒரு சாக்காகச் சொல்லவில்லை. எல்லோர் முன்னாலும் 'உனக்கெல்லாம் எதுக்குடா படிப்பு' என்றேன். மறுநாள் அவன் வரவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு மலைக்குப் போனேன். அவன் அம்மா என்னை உட்கார வைத்துக் களி போட்டுக் கொடுத்தார். 'டீச்சரம்மா சொன்னது சரிதான், எனக்குப் படிப்பு வராதுன்னுட்டு பெங்களூர்ல கட்டட வேலைக்குப் போயிட்டான் கண்ணு' என்றார். அந்தக் களி தொண்டையில் இறங்கவில்லை. அவன் என்மேல் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நான் சொன்னதை நம்பிவிட்டான்.

போனில் பேசினேன், மன்னிப்புக் கேட்டேன். சிரித்தான். திரும்பி வரவில்லை.

அடுத்த நாள் அதே வகுப்பில், அவன் உட்காரும் பெஞ்சு காலியாக இருக்க, நான் சொன்னது தப்பு என்று பிள்ளைகளிடம் சொன்னேன். நாலு பேர் முன்னால் சொன்னதற்குத் தனியறையில் கேட்கும் மன்னிப்பு பாதிக் கடனைத்தான் அடைக்கும். அப்புறம், மன்னிப்போடு 'ஆனா நீயும்' என்று ஒரு வால் சேர்க்காதீர்கள். அந்த வாலோடு போனால் மன்னிப்பு கணக்கில் வராது. முக்கியமாக, உடனே போங்கள். நான் ஒரு வாரம் பார்த்தேன். அந்த ஒரு வாரத்தில்தான் அவன் பஸ் ஏறினான்.

என்னை அவமானப்படுத்தினால்கூடப் பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டுமா?

வேண்டாம். ஔவையாரே பொறுக்கவில்லை.

அதியமான் ஒருமுறை பரிசில் தராமல் நாளைத் தள்ளிக்கொண்டே போகிறான். 206-ம் பாட்டில், 'நெடுமான் அஞ்சி தன்னை அறியவில்லையா, இல்லை என்னை அறியவில்லையா' என்று கேட்டுவிட்டு யாழ்ப்பையைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறார். கையில் மழு வைத்திருக்கும் தச்சன் பிள்ளைகளுக்குக் காட்டில் மரமா கிடைக்காது? 'எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே.'

ஆனால் இதை யாரிடம் சொல்கிறார்? வாயிற்காவலனிடம். நம்மில் பலர் அந்த இடத்தில் காவலனைத்தான் நாலு வார்த்தை கேட்டிருப்போம். அவர் அவனைப் பரிசிலர்க்கு அடைக்காத வாயிலைக் காப்பவனே என்று மரியாதையாகவே அழைக்கிறார். ரேஷன் கடையில், ஆஸ்பத்திரி சீட்டு கொடுக்கும் இடத்தில், பஸ்ஸில், நம் கோபம் யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். முடிவெடுத்தவர் உள்ளே இருப்பார். திட்டு வாங்குபவர் வாசலில் நிற்கும் எளியவராக இருப்பார்.

எழவு வீட்டில் என்ன பேசுவது?

பெரும்பாலும் எதுவும் வேண்டாம். போய் உட்காருங்கள். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'எப்படி ஆச்சு' என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்க, அந்தப் பெண் ஐம்பது தடவை அதே சாவைத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதை என் வீட்டிலேயே பார்த்தேன். விவரம் வேண்டுமானால் வெளியே திண்ணையில் இருப்பவரிடம் கேளுங்கள். 'அந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தா பிழைச்சிருப்பார்' என்பதை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். அது உண்மையாகவே இருந்தாலும் இனி யாருக்கும் உதவாது.

பேசத்தான் வேண்டும் என்றால் இறந்தவர் உங்களுக்குச் செய்த ஒரு நல்லதைச் சொல்லுங்கள். பத்தாம் நாளுக்கு மேல், கூட்டம் கலைந்த பிறகு ஒருமுறை போங்கள். அப்போதுதான் அவர்களுக்குப் பேச ஆள் தேவைப்படும்.

கிராம சபையில் பேசப் பயமாக இருக்கிறது. தெரியாமல் ஏதாவது உளறிவிட்டால்?

வள்ளுவர் அவையறிதலை 72-ம் அதிகாரமாக வைத்து, அடுத்த 73-லேயே அவையஞ்சாமையை வைத்தார். எங்கே பேசக் கூடாது என்று சொல்லி முடித்த கையோடு பயப்படாதே என்கிறார். தமிழ்நாட்டில் இப்போது வருஷத்துக்கு 6 கிராம சபைகள் நடக்க வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒரு கூட்டத்துக்கு ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் தெரு, எத்தனை நாளாகத் தண்ணீர் வரவில்லை, யாரிடம் எப்போது மனு கொடுத்தீர்கள் என்று துண்டுச் சீட்டில் எழுதி அதைப் பார்த்தே படியுங்கள். அவமானம் ஒன்றுமில்லை. தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள்.

எப்போது சும்மா இருப்பது குற்றமாகும்?

குழந்தைக்குத் தீங்கு நடக்கும்போது. இந்த இடத்தில் நான் குரலை உயர்த்தித்தான் பேசுவேன்.

2012-ல் வந்த போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவு, ஒரு குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலோ நடக்கப்போகிறது என்று அச்சம் இருந்தாலோ போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது. 'மானம் போயிடும், பேசித் தீர்த்துக்கலாம்' என்று மூடி மறைப்பவருக்கு 21-வது பிரிவில் 6 மாதம் வரை சிறை உண்டு. நல்ல எண்ணத்தில் தகவல் சொன்னவர்மேல் வழக்கு வராது. அதே சட்டம் இன்னொன்றையும் கட்டாயமாக்குகிறது: குழந்தையின் பெயர், பள்ளி, ஊர் எதுவும் வெளியே வரக் கூடாது. ஸ்டேஷனில் வாய் திறக்க வேண்டும், டீக்கடையில் மூட வேண்டும். நம் ஊரில் பல தடவை இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

இளவயதுக் கல்யாணமும் அப்படித்தான். 18 நிரம்பாத பெண்ணுக்கு மண்டபம் பார்த்தாகிவிட்டது என்று தெரிந்தும், 'அவங்க வீட்டு விஷயம், நமக்கெதுக்கு' என்று மொய்க் கவரோடு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது. நட்டம் யாருக்கு என்ற அதே அளவுகோலை வைத்துப் பாருங்கள். உங்கள் மௌனத்தில் உங்கள் உறவு பிழைக்கிறது. அந்தப் பெண்ணின் படிப்பு போகிறது.

சட்டமே வாயை மூடச் சொல்லும் இடம் உண்டா?

ஒன்று உண்டு, நம் மாவட்டம் நன்றாக அறிந்தது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்பதை வார்த்தையாலோ சைகையாலோ வேறு எந்த விதத்திலோ தெரிவிக்கக் கூடாது என்று 1994-ம் ஆண்டுச் சட்டத்தில் எழுதியிருக்கிறது. 'சைகையாலோ' என்பதைக் கவனியுங்கள். லட்டா, ஜிலேபியா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் தந்திரத்துக்கும் வழியில்லை. பெண் சிசுவைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுச்செல்ல வழி செய்து 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-ல் தருமபுரிக்கும் கொண்டுவரவேண்டி வந்தது. அப்படிப்பட்ட மண்ணில், ஸ்கேன் அறையில் ஒரு டாக்டர் காக்கும் மௌனம் ஓர் உயிரைக் காக்கிறது. கர்ப்பிணியிடம் 'வயிறு இப்படி இருந்தா பொண்ணுதான்' என்று ஜோசியம் சொல்லும் அத்தைகளும் அதை நிறுத்திக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப்பில் வந்ததை நல்லெண்ணத்தில் அனுப்புவதில் என்ன தப்பு?

2018 மே மாதத்தை மறந்துவிட்டோமா? குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது என்ற வதந்தி வடமாவட்டங்களில் போன் போனாகப் பரவியது. நம் பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில், போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்கு வந்த குடும்பத்தை மறித்து அடித்தார்கள். 65 வயது அம்மா ஒருவர் இறந்துபோனார். வழியில் பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்ததுதான் அவர் செய்தது. அந்தச் செய்தியை அனுப்பியவர்களில் பாதிப் பேராவது 'நல்லதுக்குத்தானே' என்றுதான் அனுப்பியிருப்பார்கள். அந்த ஜூலையில்தான் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை 5 பேருக்கு மேல் ஒரே தடவையில் அனுப்ப முடியாதபடி செய்தது. நீங்கள் கண்ணால் பார்க்காததை, பார்த்தவரைத் தெரியாததை, உங்கள் போனோடு நிறுத்திவிடுங்கள்.

மௌன விரதம் இருந்தால் பழகுமா?

சிலருக்கு உதவலாம். வீட்டில் சண்டை போட்டுவிட்டு 'இன்னிக்கு விரதம்' என்று நாலு நாள் முகம் கொடுக்காமல் இருப்பதை நான் விரதத்தில் சேர்க்க மாட்டேன். அது அடிப்பதில் ஒரு வகை.

பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்லித் தருவது?

'பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே' என்பதோடு பல வீடுகளில் பாடம் முடிந்துவிடுகிறது. அது மட்டும் போதாது. பேசாமலிருக்கக் கற்ற பிள்ளை, தன் உடம்பை யாராவது தவறாகத் தொட்டாலும் பேசாமலே இருந்துவிடும். அதனால் 'எங்க கிட்ட எதை வேணும்னாலும் சொல்லலாம், திட்ட மாட்டோம்' என்பதை முதலில் நம்ப வையுங்கள். பிள்ளை ஒன்று சொன்னதும் பாதியில் வெட்டி அறிவுரை சொல்லாமல் கடைசிவரை கேளுங்கள். அடக்கத்தை அப்புறம் கற்றுக்கொடுக்கலாம். நீங்கள் கேட்ட விதத்திலேயே அது பாதி கற்றிருக்கும்.

வகுப்பில் நான் ஒரு பயிற்சி வைப்பதுண்டு. தொண்டைமானிடம் பாடிய பாட்டைச் சத்தமாக வாசித்துவிட்டு, எந்தச் சொல்லைக் கேட்டதும் அவன் முகம் மாறியிருக்கும் என்று கேட்பேன். பீலி என்பார்கள், கொல்லன் பட்டறை என்பார்கள், பெரிய சத்தமாக இருக்கும். ஒரு வருஷம், வாயே திறக்காத பெண் ஒருத்தி கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தாள். "அங்க மாறியிருக்காதும்மா. பாட்டு நல்லா இருக்குன்னுதான் நினைச்சிருப்பாரு. ராத்திரி படுத்தப்புறம்தான் புரிஞ்சிருக்கும்" என்றாள்.